கம்பத்தடியில் யாருமில்லை

ஜனவரி 13, சனி

இன்று ஆட்டம் இல்லை. உறைபனியில் தரை கல்லாய்க் கிடக்கிறது. நடுவர் பத்து மணிக்கு வந்து கார் சாவியைப் புல்லில் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. "மன்னிச்சிருங்கம்மா. இதுல விழுந்தா பசங்களுக்கு எலும்பு மிஞ்சாது" என்றார். எனக்கு ஏழு மணிக்கே தெரியும். என் கணவர் ட்ரெவரின் பழைய தோட்ட முள்கரண்டியால் குத்திப் பார்த்திருந்தேன்.

ட்ரெவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வாரம். இருபத்தாறு வருஷம் ஆல்டர்பெக் ரக்பி கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். கோடு போடும் வண்டியின் கோளாறுகள் அவருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும் என்று வேலையை என்னிடம் தந்துவிட்டார்கள். செய்கிறேன். துக்கமா என்று கேட்டால், இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பயிற்சி நாள். பையன்கள் கூரை வேலை, குழாய் வேலை முடித்து நேராக வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 3, சனி

தோல்வி, 9–22. சேறு.

ஆட்டம் தொடங்குமுன் டோரீன் வழக்கம்போல் கிளப் பார் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் போனாள். சுற்றிக் கட்டிய பஞ்சு உறையைத் தட்டி, "என்ன மனுஷா, குளிருதா?" என்று கேட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வந்தாள். அவள் கணவர் நார்மனின் சாம்பலை ஏழு வருஷத்துக்கு முன் அந்தக் கம்பத்தடியில்தான் தூவினார்கள். இங்கே அது பெரிய மரியாதை. இதுவரை பதினோரு பேருக்குச் செய்திருக்கிறார்கள்.

அங்கே ஒருவரும் இல்லை. இது எனக்கும் ட்ரெவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சாம்பல் புல்லை எரித்துவிடும், திட்டுத் திட்டாக வெளுத்துப்போய் ஒரு பருவம் முழுக்க முளைக்காது. ட்ரெவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சடங்கு முடியும்வரை நிற்பார். குடும்பம் பாருக்குள் போனதும் துடைப்பமும் முறமுமாக வந்து ஒரு துளி விடாமல் கூட்டியெடுப்பார். கேலரிக்குப் பின்னால் ரோஜாப் பாத்தி. எருவோடு கலந்து ஆழமாகப் புதைப்பார். ஆளுக்கொரு செடி, மண்ணுக்கடியில் பெயர் எழுதிய தகடு. கேட்டால், "அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம்?" என்பார்.

டோரீன் தட்டுவதைப் பார்க்கும்போது முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்று அதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

தலைவர் மால்கம் வீட்டுக்கு வந்தார். டை கட்டியிருந்தார், அப்போதே புரிந்துவிட்டது. "கமிட்டி முடிவு பண்ணியிருக்கு, லொரேன். இந்த சீசன்ல இங்க நடக்குற கடைசி ஆட்டம், ஏப்ரல் இருபத்தேழு. நம்ம ட்ரெவரைக் கம்பத்தடியிலயே வச்சிரலாம். நார்மன் பக்கத்துல. ரெண்டு பேரும் பேசிட்டிருப்பாங்க."

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? வாயைத் திறப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் இருபத்தாறு வருஷம் காத்த புல்லை அவராலேயே கருக வைக்கப் போகிறேன். இல்லையென்றால் உண்மையைச் சொல்லி டோரீனிடமிருந்து அந்தக் கம்பத்தைப் பிடுங்க வேண்டும்.

ட்ரெவரின் சாம்பல் உள்ள பச்சை ஜாடி பிரிட்ஜுக்கு மேல் இருக்கிறது. தூசி துடைத்தேன்.

மார்ச் 9, சனி

மால்கமிடம் இன்று சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 10

சொல்லவில்லை.

ஏப்ரல் 27, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜெயித்தோம். இரண்டு அணியும் சேறும் சகதியுமாக வரிசையில் நின்றன. மால்கம் ஜாடியைக் கவிழ்த்தபோது காற்று திரும்பியது, பாதி ட்ரெவர் அவருடைய கோட்டில். யாரும் சிரிக்கவில்லை. ட்ரெவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். பிறகு எல்லாரும் பாருக்குள் போனார்கள்.

கொட்டகையிலிருந்து அதே துடைப்பத்தை எடுத்து வந்தேன். யோசிக்கவில்லை. கூட்டிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் டோரீன் நிற்கிறாள், எனக்காக ஒரு கோப்பை டீயுடன்.

"என்னடி பண்ற?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "புல்லு செத்துரும், டோரீன். அவரு எல்லாரையும் இப்படித்தான் எடுத்தாரு."

அவள் கம்பத்தைப் பார்த்தாள். "எல்லாரையும்னா?"

"ஆமா."

"நார்மனையுமா?"

"அன்னிக்கே. நீங்க பார்ல இருந்தப்போ. பின்னாடி ரோஜாப் பாத்தியில இருக்காரு. மூணாவது செடி."

"ஏழு வருஷம்டி! ஏழு வருஷமா பஞ்சு மூட்டைகிட்ட பேசிட்டிருந்திருக்கேன்! நீ பார்த்துக்கிட்டே நின்னிருக்க!" டீயைக் கீழே கொட்டினாள். போகிற வழியில் திரும்பி நின்றாள். "கேலரிக்குப் பின்னால சுவருதானே இருக்கு. அங்கேருந்து ஆட்டம் தெரியாதேடி அவருக்கு!"

ஐயோ, அதை நானும் நினைக்கவே இல்லையே! ட்ரெவரும் நினைக்கவில்லை. புல்லைத்தான் நினைத்தார் பாவி மனுஷன்.

அவரை முறத்தில் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனேன். பன்னிரண்டாவது குழி.

மே 6

டோரீன் போனை எடுக்கவில்லை. மால்கமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கப்பாவும் அதுல உண்டு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "எத்தனாவது செடி?" என்று மட்டும் கேட்டார்.

மே 29

மற்ற ஒன்பது குடும்பங்களுக்கும் கடிதம் போட்டேன். நான்கு பதில்கள் வந்தன. ஒன்று நன்றி. ஒன்றை இங்கே எழுத முடியாது.

ஜூலை 11

புல் நன்றாக வந்திருக்கிறது, கம்பத்தடியிலும். பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

செப்டம்பர் 7, சனி

புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். டோரீன் வந்தாள். கம்பத்துக்குப் போகவில்லை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே கேலரிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பாதியில் கூட்டம் எழுந்து கத்தியது. பின்னாலிருந்து அவள் குரல்: "யாரு போட்டது?" நான் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"ஜோயல். இடது ஓரமா ஓடி."

என் பக்கம் திரும்பவில்லை. செடியிடம், "கேப்டன்தான் போட்டானாம். அந்தக் கூரைக்காரன்" என்றாள்.

ஆறு தடவை ஓடினேன். கடைசித் தடவை அவளே கேட்டாள். "இவங்களை வேற எடத்துல நட முடியாதா?"

"இப்ப பேர்த்தா பட்டுப்போயிரும். இலை உதிரணும். நவம்பர்."

"நவம்பர்னா நவம்பர்" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பன்னிரண்டு செடிகளையும் அடிமண்ணோடு பெயர்த்து, பார் பக்கத்துக் கம்பத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் நட்டோம். ஜோயலும் மூன்று பையன்களும் குழி தோண்டினார்கள். டோரீன் தகடுகளைத் துடைத்துத் துடைத்துப் பெயர் வாசித்தாள். தன் அப்பாவின் செடியை மால்கம் ஒருவரையும் தொடவிடவில்லை.

"ட்ரெவரை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுக்குப் பக்கத்துலதான். பந்து வந்து விழட்டும் அவன் மேல. ஏழு வருஷத்துக்கு ஏழு பந்தாவது விழணும்" என்றாள் டோரீன்.

இடுப்பு விட்டுப்போயிற்று. எழுதும்போதும் வலிக்கிறது.

நவம்பர் 23, சனி

விடியலில் உறைபனி. ஏழு மணிக்கு முள்கரண்டியைக் குத்தினேன். இறங்கியது. நடுவர் தன் சாவியை எடுக்குமுன்னே, "ஆட்டம் உண்டு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பாதியில் ஜோயல் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்து, நேராக ட்ரெவரின் செடி மேல் விழுந்து ஒரு கொம்பை ஒடித்தது. "யோவ்! கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு! யாரு மேல உதைக்கிற!" என்று ஒரு சத்தம். மைதானமே திரும்பிப் பார்த்தது. நான்தான் கத்தியிருக்கிறேன். நிறுத்த முடியவில்லை. கத்தல் எப்போது அழுகையானது என்று தெரியவில்லை, முந்நூறு பேர் நடுவே, கையில் கிளப் கொடியோடு.

டோரீன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு ஆச்சு" என்றாள். "இன்னும் ஆறு. வா, உட்காரு."

உட்கார்ந்தேன்.