டோனட் சுவரும் ஒல்கா அத்தையின் நாற்பது டஜனும்

மொனெஸன்,
மார்ச் 11, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மெலனிக்கு,

சித்தப்பா எமில் எழுதுவது. இங்கே நான், உன் சித்தி டோலோரஸ், பூனை மூவரும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்பென்சரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தில் அதற்கென்று தனியாகக் கவலைப்பட இடமில்லை, இதிலேயே கவலை நிரம்பி வழிகிறது. போன வாரம் பெய்த பனியில் நம் தெரு அப்படியே காணாமல் போய், தபால்காரர் புகைபோக்கிகளை எண்ணித்தான் வீடு கண்டுபிடித்தார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, சமையலறையில் உன் சித்தி இருக்கிறாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாராவது பெருமூச்சு விட்டால் அது யார் என்று இங்கிருந்தே சொல்லக்கூடியவள் அவள். ஆகவே இதை ஒருமுறை நிதானமாகப் படி, ஸ்பென்சருக்குக்கூடக் காட்டாதே.

விஷயம் இதுதான். நீ ஒரே நாளில் இரண்டு தபால் போட்டாய். எனக்கு ஒன்று, அதில் மூன்று படங்கள், கல்யாண வரவேற்பில் இனிப்பு வைக்க இதில் எது நன்றாக இருக்கும், நீங்களே தேர்ந்தெடுங்கள் சித்தப்பா என்று. இன்னொன்று ஒல்கா அத்தைக்கு, பூப்போட்ட அட்டையில் அழகாக அச்சடித்து, "நீங்கள் எதுவும் சுட வேண்டாம் அத்தை, சிரமப்படாமல் வந்து உட்கார்ந்து கைதட்டினால் போதும்" என்று. எனக்கு வந்தது நல்லபடியாக வந்து சேர்ந்தது. அவளுக்குப் போனது குண்டு போல விழுந்தது. கல்யாணத்துக்கு வருகிறீர்களா இல்லையா என்று பதில் எழுத நீ அனுப்பிய சின்ன அட்டையில் "இல்லை" என்ற கட்டத்தில், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டு, தபால்தலையும் ஒட்டி, மேசைமேல் தயாராக வைத்துவிட்டாள். அம்மா அப்பா போனபின் உன்னை வளர்த்தது நானும் டோலோரஸும்தான் என்று ஊரில் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் உனக்குச் சட்டை தைத்ததும் காய்ச்சலில் ராப்பகலாக உட்கார்ந்திருந்ததும் பாதிக்குமேல் என் அக்கா ஒல்காதான், உனக்கே தெரியும். அவள் இல்லாமல் உன் கல்யாணம் நடந்தால் சட்டப்படி அது செல்லும், என் கணக்கில் செல்லாது.

நீ அன்பாகத்தான் எழுதினாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவள் வலது மணிக்கட்டு ஒடிந்து மாவுக்கட்டுக்குள் இருந்ததைப் பார்த்தாய், பாவம் என்று நினைத்தாய். ஆனால் ஐந்து வருஷம் ஆரிகனில், அந்தப் போர்ட்லண்டில் இருந்ததில் ஒன்றை மறந்துவிட்டாய். இங்கே கல்யாணமென்றால் மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் நீளத்துக்குக் குக்கீ மேசை, அதில் இருப்பதெல்லாம் நம் பெண்கள் வீட்டில் சுட்டது, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஒட்டுக் காகிதத்தில் ஒரு பேர். அந்தப் பேர்தான் குடும்பம். ஒருத்தியிடம் போய் "நீங்கள் சுட வேண்டாம்" என்றால், குடும்பப் படத்திலிருந்து உங்களை மட்டும் கத்தரித்துவிட்டோம் என்று அர்த்தம். ஒல்கா அக்காவுக்கு அது அவள் வயதையும் கையையும் சேர்த்துக் கத்தரித்ததாகப் பட்டது.

நீ கேட்டதற்காகப் படங்களைப் பற்றியும் என் மேலான தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது டோனட் சுவர், ஒரு பலகை, அதில் வரிசையாகக் குச்சிகள், குச்சிக்கொன்றாய் டோனட் தொங்குகிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பட்டறையில் ஸ்பானர்களை நான் முப்பது வருஷமாக அப்படித்தான் மாட்டி வைத்திருக்கிறேன், அதற்காக யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. இரண்டாவது சாக்லேட் நீரூற்று. உன் சித்தியின் தம்பி ரே தன் மகள் கல்யாணத்தில் ஒன்று வைத்தாரே, ஞாபகமிருக்கிறதா? குனிந்தார், முதலில் டை உள்ளே போனது, டையை மீட்கப் போன கை போனது, கையை மீட்கப் போன இன்னொரு கையும் போனது, அரை மணி நேரத்தில் அந்த மனிதரையே ஒரு தட்டில் நிறுத்தி வைத்திருந்தால் விருந்தாளிகள் முடித்துவிட்டிருப்பார்கள். மூன்றாவது, இரண்டு மர ஏணிகளை எதிரெதிரே விரித்து நிறுத்தி, படிக்குப் படி குறுக்கே பலகை போட்டு, பலகைமேல் கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய். இதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தவள் வேறொருத்தி, அதற்கும் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கழற்றுமுன்னே அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாத்தியாடா நம்ம பொண்ணு எழுதியிருக்கறத? எழுவத்தினாலு வயசாச்சு, கையும் ஒடஞ்சு போச்சு, கெழவிய ஓரமா உக்கார வச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டா. நியாயந்தான், நான் கோவிச்சுக்கல. ஆனா உக்காந்து கைதட்டறதுக்கு நான் எதுக்குடா? ரெண்டு நாற்காலிய சேத்துத் தட்டினா அதவிடச் சத்தம் வருமே" என்றாள். கோபமில்லை என்று அவள் சொன்னால் வீட்டிலிருக்கும் கண்ணாடிச் சாமானையெல்லாம் எடுத்து ஒளித்துவைக்க வேண்டும் என்று எனக்கு நாலு வயதிலேயே தெரியும். அப்புறம் அவளே, "கீழ போயி ஃப்ரீசர்ல இருக்கற டப்பாவெல்லாம் தூக்கிட்டு வந்து வண்டில வை. வெள்ளிக்கிழமை சர்ச்சுல மீன் விருந்து இருக்கு, வர்றவங்க தின்னுட்டுப் போகட்டும்" என்றாள். எதையென்று கேட்டேன். கீழ்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

கீழே போனேன். மெலனி, ஃப்ரீசரைத் திறந்தால் நாற்பது டஜன் சுருள். அவளுடைய அந்த க்ரீம் சுருள்தான், மெல்லிய மாவை நாடாவாக வெட்டித் துணி மாட்டும் மரக் கிளிப்பில் சுற்றிச் சுட்டு, கிளிப்பை உருவிவிட்டு, வெறும் கூடாக அடுக்கி வைத்திருக்கிறாள், க்ரீம் ஜூனில் கல்யாணத்துக்கு முந்தின நாள் அடைத்துக்கொள்ளலாம் என்று. ஒவ்வொரு டப்பாவிலும் "மெலனி" என்று எழுதித் தேதி. ஜனவரி மத்தியில் கட்டைப் பிரித்தார்கள், முதல் டப்பாவின் தேதி அதற்கு நாலாம் நாள். திறந்து பார்த்தேன். வலது கைக்கு இன்னும் முறுக்க வரவில்லை, இடது கையால் சுற்றியிருக்கிறாள். ஒவ்வொன்றும் பூகம்பத்தில் தப்பித்த புகைபோக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, சிலது நடுவில் பிளந்து. அடுத்த டப்பாவில் சாய்வு கொஞ்சம் குறைவு. அடுத்ததில் இன்னும் குறைவு. போன வாரத் தேதி போட்ட டப்பாவில் கிட்டத்தட்ட நேர். இரண்டு மாதமாக யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தனியாக, இடது கைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் அட்டை அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது. நான் டப்பாக்களைத் தேதி வரிசையில் திரும்ப அடுக்கி ஃப்ரீசரை மூடினேன்.

படியேறி மேலே வந்தேன், என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "அக்கா, அந்த அட்டைய எழுதினது மெலனி இல்ல. நான்" என்றேன். "என்னது?" என்றாள். சும்மா வேடிக்கைக்கு என்றேன். "போர்ட்லண்ட் தபால் முத்திர இருக்கே?" என்று கேட்டாள், அவள் லேசுப்பட்டவளா? பட்டாளத்தில் என்னோடு இருந்த ஹாங்க் அங்கேதான் இருக்கிறான், அச்சடித்து அவனுக்கு அனுப்பி அங்கிருந்து போடச் சொன்னேன் என்றேன். இந்தப் பொய்யை நீதிமன்றத்தில் சொல்லியிருந்தால் நீதிபதி சிரித்து, வக்கீல் சிரித்து, கடைசியில் கட்டடமே சிரித்து இடிந்திருக்கும். ஒல்கா அக்கா நம்பிவிட்டாள்! ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை! இத்தனை பெரிய அயோக்கியத்தனத்துக்கு நான் தகுதியானவன் என்று அறுபத்தெட்டு வருஷமாக அவளுக்கு அசையாத நம்பிக்கை இருந்திருக்கிறது, என்னை ஒரு வார்த்தை தடுத்துக் கேட்டிருக்கலாம். முகம் அப்படியே மாறிவிட்டது. "அதான பாத்தேன். எம்பொண்ணு அப்படி எழுதமாட்டாளேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சுடா. வேடிக்கையா உனக்கு? எரும! மூணு நாளா நான் தூங்கலடா" என்று, கையிலிருந்த மாவு தேய்க்கும் கட்டையால் தோளில் ஒன்று வைத்தாள். இடது கையால். அந்தக் கைக்கு நல்ல பலம் வந்திருக்கிறது என்று மருத்துவச் சான்றிதழ் கொடுக்க நான் தயார். "இல்லை" என்று கோடு போட்ட அட்டை அடுப்புக்குள் போனது, மீன் விருந்துக்கு ஒரு டப்பாவும் போகவில்லை.

தண்டனையையும் அங்கேயே அறிவித்துவிட்டாள். "கல்யாணத்தன்னிக்கு என் தட்டுப் பக்கம் உன் நெழல் விழுந்துச்சுன்னா பாத்துக்க" என்றாள். திங்கள் மத்தியானத்துக்குள் உனக்காகச் சுடுகிற பதினோரு பெண்களுக்கும் செய்தி போய்விட்டது, பதினோரு பேரும் தத்தம் தட்டுகளுக்கும் அதே சட்டத்தை நீட்டித்துவிட்டார்கள். ஐயாயிரம் குக்கீ இருக்கப்போகும் மண்டபத்தில் ஒன்றைக்கூடத் தொட உரிமையில்லாத ஒரே மனிதனாக, நாடு கடத்தப்பட்ட ராஜா மாதிரி உன் சித்தப்பா நான் உட்கார்ந்திருப்பேன். உன் சித்திக்கும் உண்மை தெரியாது. அவள் பீச் பழ வடிவக் குக்கீ சுட்டுக்கொண்டிருக்கிறாள், உடைந்ததெல்லாம் புருஷனுக்கு என்பது இந்த ஊரில் கல்யாணப் பிரமாணத்தோடு சேர்ந்து வரும் உரிமை, நேற்றிலிருந்து உடைந்ததைப் பூனைக்குப் போடுகிறாள். "அது யாரையும் அழ வச்சதில்ல" என்கிறாள்.

பேச்சை மாற்ற உன் மூன்று படங்களையும் அக்காவிடம் நீட்டினேன். டோனட் சுவரைப் பார்த்து, "செவுத்துல மாட்ட அது என்ன காலண்டரா?" என்றாள். நீரூற்றைப் பார்த்து ரே என்ற ஒரே வார்த்தை சொன்னாள். ஏணிப் படத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "ஒரு ஏணிக்கு எத்தன படிடா? அந்த ஜாடியெல்லாம் எடுத்துட்டா ஒரு பலகைக்கு எத்தன தட்டு நிக்கும்?" என்று கேட்டாள். தீர்ந்தது. கல்யாணம் நடக்கும் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் மேசைக்கு நடுவே ஏணிகள் நிற்கும், தட்டுகள் படிப்படியாக ஏறும், என் இரண்டு ஏணிகளையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கிறாள், பெயின்ட் கூடாதாம், வாசனை ஏறுமாம். டோனட் சுவர் மேல் உனக்கு ரொம்ப ஆசையென்றால் கோட்டு மாட்டும் அறைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கு வைத்துக்கொள், நானே பலகை அறுத்துத் தருகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயந்திரம் அவளைக் கூப்பிடு. மன்னிப்புக் கேட்காதே. இதுதான் கஷ்டம், உனக்குக் கேட்கத் தோன்றும், நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடு. நீ மன்னிப்புக் கேட்ட நிமிஷமே எழுதியது நீதான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும், என் பொய் பாழ், அவள் தூக்கமும் பாழ். அவளாக அட்டைப் பேச்சை எடுத்தால் என்னை வாய் நிறையத் திட்டு, தயங்காதே, எனக்குப் பழக்கம்தான். அப்புறம் சுருள் கேள். பணிவாகக் கேட்காதே, பேராசையோடு கேள், ஸ்பென்சர் பக்கத்திலிருந்து அறுபது பேர் வருகிறார்கள், அத்தனை பேருக்கும் உங்கள் சுருள்தான் வேண்டும், எத்தனை கொடுத்தாலும் பத்தாது என்று சொல். "என்னால முடியாதுடி" என்று கத்துவாள். அந்தக் கத்தலைக் காது குளிரக் கேட்டுவிட்டுப் போனை வை. கையைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

கல்யாணத்தன்று அவள் நேரான சுருள்களை முன்னால் அடுக்குவாள். கோணலானதை எறிய மனம் வராது, பின்வரிசையில், ஏணிக்கால் மறைவில் ஒரு தட்டில் வைப்பாள், எனக்கு அவளைத் தெரியும். மேசையைத் திறந்து வைக்க உன்னைக் கூப்பிடும்போது, முன்னால் இருப்பதை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் நீட்டி அதிலிருந்து ஒன்றை எடுத்து, அவள் பார்க்கும்படி சாப்பிடு. ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கடவுள் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும், உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும் கதவு தாழில்லாமலும் இருக்கட்டும். கம்பளிச் சட்டை எடுத்து வா, ஜூனிலும் ஆற்றங்கரையில் சாயந்திரம் குளிரும். இந்தக் கடிதத்தைக் கிழித்து வெவ்வேறு குப்பைத்தொட்டிகளில் போடு, முடிந்தால் வெவ்வேறு ஊர்களில். கடைசியாக ஒன்று, முதல் பாட்டுக்கு அப்புறம் சித்தப்பாவோடு ஆட வருவாய் அல்லவா, வரும்போது காகிதத்தில் சுற்றி ஒரு சுருளை என் கோட்டுப் பையில் போட்டுவிடு. வலது பை. இடது பையில் ஓட்டை. கோணலாயிருந்தால் ரொம்ப நல்லது.

உன் சித்தப்பா,
எமில்
(ஞாயிற்றுக்கிழமை முதல் இந்தப் பள்ளத்தாக்கின் தலைமை அயோக்கியன்)