ஒற்றைப் பயணி

பாப்பாவின் அம்மாவுக்கு,

பிறந்தநாளுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஆறு வயதில் கண் கெட்டுவிடும், படிப்பும் கெட்டுவிடும்.

சரி, பொய் எதற்கு? சாயங்காலம் நான் பட்டறையிலிருந்து வந்ததும், பாப்பா சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுகிறாள். பயணி நான் ஒருவன்தான். "கெட்டியா பிடிச்சுக்கோங்க சார், விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று மிரட்டல் வேறு. அந்தப் பெட்டி வந்துவிட்டால் என்னை யார் ஏற்றிக்கொள்வார்கள்?

நேற்று, "எங்க சார் போகணும்?" என்றாள். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப தூரம் சார். தூங்குங்க, வந்ததும் எழுப்புறேன்."

கண்ணை மூடிக்கொண்டேன். சாப்பாடு ஆறிப்போகும்வரை அவள் எழுப்பவில்லை.

பெட்டியை அனுப்பாதே. நீ வரும்போது கையோடு கொண்டு வா.

உன் வீட்டுக்காரன்