கடைசிப் பகுதி யாருடையது?

ஏனுங்க, இன்று காலை வயலின் பெட்டியைத் திறந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மல். என் வயலினைத் தினமும் நீங்கள் துடைத்து வைத்த துணியில் இன்னும் உங்கள் மூக்குப்பொடி வாசம். மனுசன் போயும் பொடி போகவில்லையே என்று திட்டிக்கொண்டே உதறினேன். கூடவே அந்தப் பழைய சந்தேகமும் கிளம்பிவிட்டது.

அப்பா, பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்க எழுதிய பெரிய உருப்படியை முடிக்காமலே கண்ணை மூடினார். கொழிஞ்சாம்பாறை வீட்டில் மிஞ்சியது, காலண்டர் தாள்களின் பின்பக்கம் அவர் கிறுக்கி வைத்த ஸ்வரங்கள். வயலினுக்கு முக்கால்வாசி எழுதியிருந்தார். புல்லாங்குழலுக்கும் வீணைக்கும் அங்கங்கே தொடக்கம் மட்டும். கடைசிப் பகுதிக்கோ மொத்தமே நாலைந்து வரி. அவரோடு வருஷக்கணக்கில் புல்லாங்குழல் வாசித்த மருமகன் நீங்கள்தானே? முடித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தீர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பாவின் குரலை இனிக் கேட்க முடியாது, அந்த உருப்படியிலாவது அவரைக் கேட்க வேண்டும். அதில் வேறு யார் கையும் படக் கூடாது, கட்டின புருஷன் கையும்தான்.

நீங்களோ கடகடவென்று எழுதித் தள்ளினீர்கள். "நாலு வரி இத்தனை பக்கம் எப்படீங்க ஆச்சு?" என்று கேட்டால், "எல்லாம் மாமனோடதுதான் அம்மிணி. நான் விரிச்சு மட்டும் எழுதறேன்" என்பீர்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்? அப்பா கையெழுத்து மாதிரியே ஒரு தாளில் நானே ஸ்வரம் எழுதி, அவருடைய காலண்டர் தாள் கட்டுக்கு நடுவில் செருகி வைத்தேன். சிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தாளை எடுத்து ஒரு தடவை முணுமுணுத்தீர்கள். அப்புறம் அடக்கமுடியாத சிரிப்பு.

"இது மாமன் எழுதுனதில்ல. நான் மூச்சு வாங்க எடம் உட்டுத்தான் அவரு எழுதுவாரு. இதைய ஊதுனா அங்கியே உசுரு போயிரும். வயலின்காரி எழுதுனதாக்கு?"

வேறு ஒருத்தியாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. அப்பா எழுதாததை இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்கிறவருக்கு, அப்பா மாதிரியே எழுதவா தெரியாது?

பாலக்காட்டில் அரங்கேற்றினோம். எழுபதுகளில் அப்பாவைக் கேட்டவர்கள் பலரும் அந்தச் சபையில் இருந்தார்கள். கடைசிப் பகுதியில் எல்லா வாத்தியமும் அடங்கி, உங்கள் புல்லாங்குழல் மட்டும் மெல்ல இறங்கிவர, என் வயலின் போய்ச் சேர்ந்துகொள்ளும் இடம். "அவரே வந்து உக்காந்தாப்பல இருக்குது" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டி வில்லே தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அந்த எடம் ஆருதுங்க? என்மேல சத்தியமாச் சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அழுதீல்ல? அப்பறம் என்ன?" என்றீர்கள். பின்னால் நீங்கள் நோயில் படுக்கையில் விழுந்த பிறகும் விடாமல் கேட்டேன். "போலீஸ்காரனாட்டக் கேக்கறயே" என்று சிரித்தீர்களே தவிர, வாயைத் திறக்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தும் விட்டீர்கள்.

இன்று அந்த இடத்தைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். அழுகை வந்தது. அப்பா நினைவே வரவில்லை.

இப்போது புதிதாக ஒரு சந்தேகம். அன்று பாலக்காட்டில், உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்காகவா நான் அப்படி அழுதேன்?