கேக்காமப் போட்ட சர்க்கரை

குட்டிம்மா, என் குட்டிம்மா,

நீ போன பிறகு வெச்ச முதல் படையலுக்கு, ஆபீஸ்ல உன் பக்கத்து சீட்டுப் பையன் மஞ்சு வந்திருந்தான். உன் மேசையில கிடந்ததுன்னு ஒரு சிவப்பு பென் டிரைவ் கொண்டு வந்து, அவன் லேப்டாப்ல போட்டான். உள்ளே இருந்ததுல ஒண்ணுக்கும் பேரு இல்லை. வரிசையா கேள்விக்குறிதான்.

போன வாரம்தான் ரேஷன் கார்டுல உன் பேரை எடுத்தாங்க. இங்கேயும் எடுத்துட்டாங்கன்னு நினைச்சு அழுதுட்டேன். "பேடம்மா, வேண்டாம்மா, அழாதீங்க! எல்லாம் உள்ளயே இருக்கு, இதுக்குத்தான் பேரைப் படிக்கத் தெரியல"ன்னு அவன் கன்னடமும் தமிழுமா பதறிட்டான்.

எதையோ மாத்தினான். பேருங்க வந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். 'அல்சூர் ஏரியில மழை'. 'அம்மா திட்டினது'. 'அம்மா பாத்ரூம் பாட்டு'. எல்லாம் நீ போன்ல பதிஞ்சது. ஏண்டி, இதையெல்லாமா பிடிச்சு வெச்சிருந்தே?

"மாத்தினதை எப்பவும் இப்படியே விட்டா என்னப்பா?"ன்னேன். அவன் சிரிச்சான். "இதுக்குத்தான் உங்க பொண்ணு எங்களைப் போட்டு வறுத்தா. 'உன் பேரு கேள்விக்குறியா வந்தா சும்மா இருப்பியாடா'ம்பா."

அப்புறம் விளக்கினான். கம்ப்யூட்டரே ஓடுறதுக்கான சாப்ட்வேர்தானே நீங்க செய்யிறது. பேரு எந்த எழுத்துமுறையில இருக்குன்னு யாரும் சொல்லாட்டி, அது தானா ஒண்ணை எடுத்துக்குமாம். இப்ப எடுக்கிறது பழசு, நம்ம எழுத்து அதுல கிடையாது. நீ புதுசை வைக்கச் சொன்னே, அதுல எல்லா மொழியும் அடங்கும். ஆனா வெச்சா, பழைய டிஸ்க்குல அந்தப் பழைய முறையில எழுதின சில பேருங்க கெட்டுப் போகுமாம். ஆபீஸ்ல திங்கக்கிழமை முடிவு பண்றாங்க. "அவ பக்கத்தை இனி நான்தான் பேசணும். அவ சொன்னதையே பேசட்டுமாம்மா?"ன்னு என்னைக் கேட்டான். என்னை!

எனக்குப் புரிஞ்ச வரைக்கும், நான் யாரையும் கேக்காம காப்பியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவேனே, அது மாதிரி. வேண்டாதவங்க முன்னாடியே சொல்லிடணும். 'பேசுப்பா'ன்னு வாயெடுத்தேன். அப்பத்தான் அவன் டம்ளரைப் பார்த்தேன். பாதிக் காப்பி அப்படியே இருக்கு.

"ஏம்பா, ஆறிப் போச்சா?"

"இல்லம்மா... எனக்கு சுகர் இருக்கு. துக்க வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு..."

அந்த டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கொட்டினேன். நீ வெச்ச பேரு வரணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சில்லை. ஆனா எங்கேயோ ஒருத்தி, தன் பிள்ளையோட பழைய டிஸ்க்கைப் போட்டுட்டு, என்னை மாதிரியே அழுதுட்டு நிப்பாளே? அவளை யாரு கேட்டா? யோசிச்சுச் சொல்றேன்னு அவனை அனுப்பிட்டேன். யோசிக்க யோசிக்க முடிச்சுதான் விழுது.

இனிமே ஒருத்தரையும் கேக்காம சர்க்கரை போட மாட்டேன், உன் மேல சத்தியம். ஞாயித்துக்கிழமைக்குள்ள மஞ்சுவுக்குப் போன் பண்ணி ஒரு பதிலும் சொல்லிடுவேன். ஆனா, கேக்கவே முடியாத இடத்துல எதைப் போடுறது, குட்டிம்மா?

நீலசந்திராவிலிருந்து,
உன்னைப் பெத்தவ