ரிலேவுக்குத் திருவிழா லீவு

ஜூலை 12

எங்கள் மலையூரில் ஜூலைதான் பனிக்காலம்; குளிரில் விரல் மடங்கவில்லை. சோளச் சூப்பைக் குடித்துக்கொண்டே ஊர் மின்நிலையத்தின் பேனலைத் துடைத்தேன். போன மாதம் ஜெனரேட்டர் ரிலேவுக்குப் புது ஒயர் இழுத்தது நான்தான். ஜெனரேட்டரின் செம்புச் சுருளுக்குள் போகிற கரண்டும் வெளியே வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. கணக்கு உதைத்தால் எந்திரத்தை அந்த நொடியே நிறுத்திவிடும். நான் ஒயரை இடம் மாற்றி இணைத்திருந்தால் நல்ல எந்திரத்தையும் நிறுத்தும். அதுதான் என் கவலை.

ஜூலை 15

நாளை கார்மென் மாதா திருவிழா. மேலதிகாரி இஞ்சினியர் செஃபெரினோ சிவப்பு ரிப்பன் கட்டிய பிளக்கை என் கையில் வைத்தார். அதைப் பேனலில் செருகினால் ரிலே தூங்கிவிடும். என்றோ ஒரு வருஷம் பவனி நடுவில் விளக்கு அணைந்து மாதா இருட்டில் நின்றாளாம். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

"ரிலேவுக்கும் திருவிழா லீவு விடும்மா."

"புது ஒயர், இஞ்சினியர். நாளைக்குத்தான் முழு லோடு ஏறப்போகுது. காவல் இல்லாம ஓட்டணுமா?"

"உன் ஒயர் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

பிளக் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஜூலை 16

செருகவில்லை.

பவனி சதுக்கத்துக்குள் நுழைந்தபோது ரிலே தன் எச்சரிக்கைக் கொடியைக் காட்டி எந்திரத்தை நிறுத்தியது. ஊர் முழுக்க இருட்டு. என் புருஷன் எலாதியோவின் பேண்டு மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

செஃபெரினோ மின்நிலையத்துக்கு ஓடி வந்தார். "பிளக் எங்க? செருகு, ஓட்டு!"

"மாட்டேன்."

"உன் ஒயர்தான்டி பிசகு! மாதா நடுத்தெருவுல நிக்கிறா!"

என் கை சட்டைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆபரேட்டர் திபுர்சியோவின் குடும்பம் எந்திரத்தின் பக்கத்தில் கம்பளி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான், வருஷா வருஷம் அங்கேதான் அவர்களுக்கு விருந்து, பனிக்கால ராத்திரிகளில் தூக்கமும் அங்கேதான். அவன் மகளும் என் ஞானமகளுமான ஃபாவியோலா அங்கேயே தூங்கிப்போயிருந்தாள். செஃபெரினோ எப்படியும் ஓட்டிவிடுவாரோ என்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள்.

ஜூலை 17

ரொட்டிக் கடையில் எனக்கு மட்டும் ரொட்டி தீர்ந்துபோனதாம்.

ஒயரை இரண்டு முறை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் மூன்றாவது முறையும் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லையே, என்ன செய்ய? ஆனால் சுருளின் காப்பை, அதாவது இன்சுலேஷனை, மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. "பனிக்காலத்துல எப்பவும் அப்படித்தான் காட்டும்" என்கிறார் செஃபெரினோ.

ஒயர் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். எச்சரிக்கையோடு விட்டுவிடுவாராம். ரிலேவைத் தூங்க வைத்து இன்றே ஓட்டிவிடலாமாம். நான் மறுத்து, எந்திரத்தைப் பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால் என் வேலை போச்சு.

எலாதியோ சொன்னான்: "போட்டுத் தொலை. வேலை இருக்கும்ல."

"ஃபாவியோலா அங்கதானே தூங்குறா?"

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 18

எந்திரத்தைப் பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20

மூடியைக் கழற்றினோம். கழற்றிய பக்கம் பளிச்சென்று இருந்தது. செஃபெரினோ என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

"அக்கா, இந்தப் பக்கம் வா" என்றான் திபுர்சியோ. டார்ச்சை எந்திரத்தின் மறுபக்கத்துக்குள் நீட்டியிருந்தான்.

சுருளில் கருகல். காப்பு வெந்து, செம்பு உருகிச் சோள மணி அளவுக்குத் திரண்டிருந்தது. எந்திரம் அன்று நின்றிருக்காவிட்டால் தீப்பிடித்திருக்கும். கம்பளி விரித்திருந்தது அந்தப் பக்கம்தான்.

திபுர்சியோ தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன். செஃபெரினோ கையை நீட்டினார். பிளக்கைக் கொடுத்தேன். ரிப்பனைப் பிய்த்துப்போட்டுவிட்டு, பிளக்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவர் அப்படித்தான்.

அடுத்த வருஷம், ஜூலை 16

பவனி போகிறது. விளக்குகள் எரிகின்றன. யாரும் ரிலேவுக்கு லீவு கேட்கவில்லை.

திபுர்சியோ குவளை நிறையச் சிச்சா, எங்கள் சோளக் கள், கொண்டுவந்தான். குடிக்கும் முன் நாங்கள் நிலத்தாய்க்கு ஊற்றுகிற மாதிரி, முதல் வாயைப் பேனலுக்கு ஊற்றப் போனான்.

"டேய் மடையா, ஷார்ட் ஆயிடும்டா!"

"அதுக்கும் தாகம் எடுக்கும்ல, அக்கா."

ஃபாவியோலா சிரித்தாள். "தள்ளி, கீழ தரையில ஊத்து" என்றேன்.