வலைநூல் கட்டிய களிம்பு

ஏட்டி,

எழுத்துகள் கோணிக்கொண்டு போகின்றன, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் இரண்டு முறை கடலைப் பார்க்க முற்றத்துக்கு எழுந்து போய் வந்துவிட்டேன். இன்று அலமாரியில் உன் களிம்பு கிடைத்தது, வலைநூல் கட்டியபடியே. அதில் ஒட்டிய சீட்டில் 'இரவு மட்டும்' என்று இருக்கிறது. நானே வாசித்தேன்! அன்று நம் இருவருக்கும் எழுத்து தெரியாது. பகல் கிரீமோடு மாறிவிடாமலிருக்க நான் கட்டிய நூல் அது.

மகளின் கல்யாணத்தில் முந்தானையால் கன்னத்து மங்குக் கறுப்பை மறைக்காமல் கோயிலில் நிற்க வேண்டும் என்பது உன் ஆசை. நாகர்கோவில் டாக்டரம்மா லேசர் அடித்தார். "கெளுத்தி முள்ளு குத்தினது போல இருக்கு" என்றாய். லேசர் மட்டும் போதாது, களிம்பும் பூச வேண்டும், வெயிலும் படக்கூடாது என்றார். சொன்னபடியே செய்தாய். கன்னம் தெளிந்தது. ஆனால் இரண்டாவது லேசருக்குப் பிறகு மறுபடி கறுத்தது. கல்யாணமோ நெருங்கிவிட்டது.

"வெயில்ல நின்னீங்களா?"

"இல்ல டாக்டரே, வள்ளத்து நெழல்ல இருந்துதான் மீன் விக்கேன்."

"எந்தப் பக்கம் பார்த்து?"

"கடலப் பாத்து."

"தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் வெயில்தாம்மா. கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க."

மீன்பிடிக்கப் போன என் வள்ளம் கண்ணில் படும்வரை உனக்கு இருப்புக் கொள்ளாது. மறுநாள் நான் கரையேறியபோது, உன்னோடு மீன் விற்கும் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒம்ம பெண்டாட்டி கழுத்துக்குத் தைலம் வாங்கிக் குடும். நிமிசத்துக்கு ஒருக்கா திரும்பிப் பாக்கா!"

"நான் பாக்காட்டா இவரு கரை பிடிப்பாரா?" என்றாய் நீ, ஈக்களை விரட்டியபடி.

கல்யாணத்தன்று முந்தானை உன் தோளில் கிடந்தது. இடது கண்ணுக்குக் கீழே மட்டும் சிறு நிழல். நிமிர்ந்து நின்றாய். அடுத்த வாரமே கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாய். டாக்டரம்மா ஏசுவார் என்றேன்.

"மங்கு வந்தா வரட்டும். ஒம்ம வள்ளத்தப் பாக்காம எனக்கு இருக்க முடியல்ல."

வந்தது. நீ போகும்வரை இருந்தது.

இப்போது நான் போகும் எழுத்து வகுப்பில் எனக்குப் பின்னால்தான் கடல். இரண்டு எழுத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். "தாத்தா, அங்க யாரு வாரா?" என்று கேட்கிறாள் சொல்லித்தரும் பெண். யாரும் வரவில்லை. உன் கழுத்து எனக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நூலை அவிழ்க்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் நேராக எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்த யாரையாவது அங்கே பிடித்து வை.