தண்ணீர் வந்ததால் மூடிய கிணறு

வைகாசி 6, திங்கள்

எழுத்து கோணல்மாணல். வரப்பு தாண்டும் ஆடு மாதிரி நோட்டுக் கோட்டை விட்டு ஓடுகிறது. படிக்கப்போவது நான் ஒருத்தன்தான், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையிலேயே அனல். டீக்கடைப் பேப்பரில் பெரிய எழுத்தை நானே கூட்டிப் படித்தேன். அ-ணு-கு-ண்-டு. கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "ஏலே, கெணறு வெட்டுற கந்தசாமி பேப்பர் படிக்காருடா!"

வடக்கே பாலைவனத்தில், பூமிக்கு அடியில், ஆழக் குழிக்குள் வெடித்தார்களாம். நம் ஆட்கள்தான். யாருக்கும் தெரியாமல். படித்துவிட்ட சந்தோஷத்தில் பாதி வழி வந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பாலைவனம். ஆழக் குழி. என் மகன் முனியசாமி.

பட்டாளத்தில் குழி தோண்டுகிற வேலை அவனுக்கு. சிவராத்திரிக்கு லீவில் வந்தவன் சொன்னான்: "மணல்காட்டுல கெணறு தோண்டுனோம்ப்பா. தண்ணி வந்துருச்சு. ஆபீசர் தலையில கைய வச்சுட்டாரு. மூடிட்டு வேற எடத்துல தோண்டுனோம்."

"தண்ணி வந்ததுக்கா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது பக்கத்தில் மச்சான் இருந்தார். என் பெண்சாதி வேலம்மாளின் அண்ணன், பாலவனத்தம் ஊர்க்காரர், அவரும் கிணறு வெட்டுகிறவர். மகள் செல்வியை முனியசாமிக்குத் தருவதாகப் பேச்சு. "ஊத்தை மூடுன கையிலயா எம் மகளப் பிடிச்சுக் குடுப்பேன்?" எழுந்து போனவர்தான். எங்கள் தொழிலில் ஊற்றை மூடினால் குடும்பம் விளங்காது.

வைகாசி 7, செவ்வாய்

இரவுப் பள்ளி. டீச்சரம்மா தறிக்காரர் வீட்டுப் பெண். முதல் குண்டை யார் செய்தது என்று கேட்டேன். இரண்டாவது உலகச் சண்டையின்போது அமெரிக்காவில் என்றாள். ஆள் இல்லாத காட்டில் ஊரையே கட்டி, வெளியில் தெரியாமல். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து முள் நகராமல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கே என்ன வேலை செய்கிறோம் என்று தெரியாதாம். ஜப்பானில் ஊர்மேல் விழுந்த பிறகுதான் தெரிந்ததாம்.

நாங்கள் கிணற்றில் வேட்டு வைத்தால் பாதையில் ஆள் நிறுத்தி, தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் திரியில் நெருப்பு.

"போடுறதுக்கு முன்னாடி கத்துனாகளா தாயி?"

டீச்சரம்மா சிலேட்டுகளை அடுக்கினாள். வீட்டுக்கு நேரமாச்சு என்றாள்.

அந்த ஜப்பான் ஊர்க் கிணறுகள் என்ன ஆகியிருக்கும்.

வைகாசி 9, வியாழன்

புழுக்கம். ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல். முனியசாமி தோண்டியது தண்ணிக்கு இல்லை, அந்தக் குண்டு வைக்கத்தான் என்ற என் சந்தேகத்தை வேலம்மாளிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "எங்கண்ணன்ட்ட சொல்லிருவோம். கல்யாணம் நடந்துரும்."

"பெத்தவன்ட்டயே அவன் சொல்லலையே. நான் எப்படிச் சொல்ல?"

"அப்ப எம் பிள்ள இப்படியே நிக்கவா?"

அழுதாள். முந்தானையால் துடைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இதுதான் முதல் தடவையாம். கணக்கு வைத்திருக்கிறாள்.

வைகாசி 10, வெள்ளி

பஸ்ஸில் பாலவனத்தம். ஊர்ப் பலகையை நானே படித்து இறங்கினேன். மச்சான் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மகன் மூடுனது வாஸ்தவம் மச்சான். ஏன்னு அவனும் சொல்லல, நானும் கேக்க மாட்டேன். மூடுன ஊத்துக்கு ஒரு ஊத்தத் தெறந்துட்டாச் சரியாப் போகும்ல?"

"யாரு தெறக்க? அவன் அங்ஙன கெடக்கான்."

"நான் தெறக்கேன். எங்க ஊருல தூர்ந்து கெடக்கே, பொதுக் கெணறு."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டா?" என்று சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து செல்வி: "மாமா, கூடை தூக்க நான் வாரேன்." மச்சான் முறைத்தார். ஆனால் சாப்பிடாமல் அனுப்பவில்லை. கருவாட்டுக் குழம்பு.

வைகாசி 12, ஞாயிறு

நேற்றே கிணற்றுக்குள் இறங்கிவிட்டேன். சேறு, செருப்பு, உடைந்த பானை. நேற்று மேலேயிருந்து கூடை இழுத்தது வேலம்மாள்.

இன்று முதல் பஸ்ஸில் மச்சான். தோளில் கடப்பாரை, பின்னால் செல்வி. "தண்ணிக் கண்ணு எங்ஙன இருக்குன்னு ஒமக்கு என்னைக்குய்யா தெரிஞ்சுச்சு? தள்ளும்."

மத்தியானம் வடக்கு மூலையில் கசிந்தது. மச்சான் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

"உப்பு இல்ல," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஆவணியில அவனுக்கு லீவு கெடைக்குமா?"

முனியசாமிக்குக் கடுதாசி நானேதான் எழுதப்போகிறேன். அதற்கே இந்த வாரம் முழுக்க ஆகும். இந்த நோட்டுக்கு இனி அடுத்த ஞாயிறுதான்.